“எங்கிருந்து தொடங்குவது?” – நிரூபணத்தின் முதல் வரி

மெய்மை அட்டவணை அமைக்கச் சொன்னால் பன்னிரண்டாம் வகுப்பில் பெரும்பாலான மாணவர்கள் தயங்குவதில்லை. மூன்று தனிக்கூற்றுகள் என்றால் எட்டு நிரைகள். நிரல் நிரலாக நிரப்பிக்கொண்டே போனால் கடைசி நிரலில் விடை வந்து நிற்கும். அதே மாணவர்களிடம், “இரண்டு மேல் சார்புகளின் சேர்ப்பும் மேல் சார்பே என நிரூபி” என்று சொல்லிப் பாருங்கள். மேல் சார்பின் வரையறையைக் கேட்டால் பிழையின்றி ஒப்பிப்பார்கள். ஆனால் தாளில் முதல் வரியை எழுதுவதற்குள் பாதி வகுப்பு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். “எங்கிருந்து தொடங்கணும்?”

இது சோம்பேறித்தனமான கேள்வி அன்று. மெய்மை அட்டவணைக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. அங்கே வழி முன்பே போடப்பட்டிருக்கிறது. ‘எல்லா’, ‘உண்டு’ என்ற இரு சொற்கள் கூற்றுக்குள் நுழைந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. ‘எல்லா இயல் எண்களுக்கும்’ என்று சொன்ன பிறகு எத்தனை நிரைகள் போட்டாலும் அட்டவணை முடியாது. இச்சொற்களையும் சேர்த்து ஆராயும் தர்க்கத்துக்குப் பயனிலைத் தர்க்கம் என்று பெயர். அதில் எந்தக் கூற்றைக் கொடுத்தாலும் அது தர்க்கப்படி எப்போதும் மெய்யா என்று தீர்த்துச் சொல்லும் பொதுவான இயந்திர முறை இருக்கவே முடியாது என்பதை அலோன்சோ சர்ச்சும் ஆலன் டூரிங்கும் 1936இல் தனித்தனியே நிறுவினார்கள். ஆகவே நிரூபணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். நாம் வகுப்பில் அந்தத் தேடலைக் காட்டுவதில்லை. தேடி முடித்த பிறகு கிடைத்த பத்து வரிகளைத்தான் கரும்பலகையில் எழுதுகிறோம். மாணவர் அந்தப் பத்து வரிகளை மனப்பாடம் செய்கிறார். மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. கேள்வியில் ஒரு சொல் மாறினால் மட்டும் கை நின்றுவிடுகிறது.

தேடுவதற்குக் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஜெர்மானியக் கணிதவியலாளர் கெர்ஹார்ட் கென்ட்சன் 1935இல் வெளியான தம் ஆய்வில், கணிதம் செய்பவர்கள் உண்மையில் எப்படி நிரூபிக்கிறார்களோ அதற்கு மிக அருகில் இருக்கும் ஒரு முறையை வகுத்தார். இயல்பு உய்த்தறிமுறை என்று இதைத் தமிழில் சொல்லலாம். போலந்தில் ஸ்டானிஸ்வாஃப் யாஸ்கோவ்ஸ்கி 1934இலேயே இதே போன்ற ஒன்றை வெளியிட்டிருந்தார். அதற்கு முன், 1879இல் ஃபிரெகே தொடங்கிவைத்த வழியில், சில அடிப்படைக் கோட்பாடுகளிலிருந்து எல்லாவற்றையும் வருவிக்க வேண்டியிருந்தது. எளிய உண்மைக்கும் நீண்ட நிரூபணம் தேவைப்பட்டது. கென்ட்சன் ஒவ்வொரு தர்க்கச் சொல்லுக்கும் இரண்டு விதமான விதிகளை வைத்தார்: அச்சொல் உள்ள கூற்றை எப்படி நிறுவுவது, அப்படி நிறுவப்பட்ட கூற்றை எப்படிப் பயன்படுத்துவது. ‘எல்லா’ என்பதற்கு நாம் எழுதும் ∀ குறியும் அந்த ஆய்வில் அவர் அறிமுகப்படுத்தியதுதான். ∃ குறி அதற்கும் முன்பே பியானோவிடமிருந்து வந்தது.

பத்தாம் வகுப்பு வடிவியலில் நாம் ‘கொடுக்கப்பட்டது’, ‘நிரூபிக்க’ என்று இரண்டு தலைப்புகள் போடுகிறோம் அல்லவா? அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எல்லா’, ‘உண்டு’ ஆகிய ஒவ்வொன்றும் இந்த இரு தலைப்புகளில் எதன் கீழும் வரலாம். ஆக நான்கு நிலைமைகள்.

நிரூபிக்க வேண்டியதில் ‘எல்லா’ இருந்தால், குறிப்பிடாத ஒன்றை எடுத்து அதற்குப் புதுப் பெயர் கொடுத்து, அந்த ஒன்றுக்கு நிரூபிக்கிறோம். கொடுக்கப்பட்டதில் ‘உண்டு’ இருந்தால், அந்த ஒன்று எது என்று தெரியாவிட்டாலும் அதற்கும் ஒரு புதுப் பெயர் கொடுக்கிறோம். கொடுக்கப்பட்டதில் ‘எல்லா’ இருந்தால், நமக்கு வேண்டிய பெயரை அதில் இட்டுப் பயன்படுத்தலாம். நிரூபிக்க வேண்டியதில் ‘உண்டு’ இருந்தால், பொருத்தமான ஒன்றைக் காட்ட வேண்டும்.

முதல் இரண்டிலும் நமக்குத் தேர்வு எதுவும் இல்லை. புதுப் பெயர் வைக்கிறோம், அவ்வளவே. அதனால் அவற்றை உடனே செய்துவிடலாம். பின் இரண்டிலும் தேர்வு இருக்கிறது: எந்தப் பெயரை இடுவது, எதைக் காட்டுவது? பெயர்கள் வந்து சேராத நிலையில் தேர்ந்தெடுக்க முடியாது. பந்தியில் இலை போடாமல் பரிமாற முடியாது என்பதைப் போலத்தான் இது. முதல் இரண்டும் இலை போடுதல். பின் இரண்டும் பரிமாறுதல். மாணவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலும் இந்த வரிசைதான் தலைகீழாகியிருக்கும்.

முதலில் பள்ளி மன்றங்களை வைத்துப் பார்ப்போம். கொடுக்கப்பட்டவை: ஒவ்வொரு மாணவரும் ஒரு மன்றத்திலாவது உறுப்பினர், ஒவ்வொரு மன்றத்துக்கும் பொறுப்பாசிரியர் ஒருவர் உண்டு. நிரூபிக்க: ஒவ்வொரு மாணவருக்கும், அவர் சேர்ந்துள்ள மன்றம் ஒன்றின் பொறுப்பாசிரியர் ஒருவர் உண்டு.

நிரூபிக்க வேண்டியது ‘ஒவ்வொரு மாணவருக்கும்’ என்று தொடங்குகிறது. எனவே முதல் வரி தானாகவே அமைந்துவிடுகிறது: ‘ம’ ஒரு மாணவர் என்க. இப்போது கையில் ஒரு பெயர் இருக்கிறது. முதல் தகவலில் அதை இட்டால் ‘ம உறுப்பினராக உள்ள மன்றம் உண்டு’ என்று கிடைக்கும். ‘உண்டு’ வந்தவுடன் பெயர்: அம்மன்றம் ‘ற’ என்க. இரண்டாம் தகவலில் ற-வை இட்டால் அதற்குப் பொறுப்பாசிரியர் உண்டு. அவர் ‘ஆ’ என்க. காட்ட வேண்டியவர் இவரே. எந்த வரியிலும் யோசனை தேவைப்படவில்லை. இரண்டாம் தகவலில் முதலிலேயே கைவைத்திருந்தால், ‘எந்த மன்றம்?’ என்ற கேள்வியிலேயே நின்றிருப்போம்.

இதே அமைப்புதான் மேல் சார்புக் கணக்கிலும் இருக்கிறது. ப என்பது க கணத்திலிருந்து ச கணத்துக்கும், வ என்பது ச-விலிருந்து த கணத்துக்கும் செல்லும் மேல் சார்புகள். (கரும்பலகையில் வழக்கமான எழுத்துகளையே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.) வ∘ப மேல் சார்பு என நிரூபிக்க வேண்டும். அதாவது, த-வில் உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் க-வில் முன் உரு உண்டு.

மாணவர்களில் பலர் இப்படித் தொடங்குவார்கள்: “க-வில் ய என்ற உறுப்பை எடுக்க. ப(ய) = ர என்க. வ(ர) = ந என்க. எனவே ந-வுக்கு ய என்ற முன் உரு உண்டு.” ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் நிரூபணம் இல்லை. ந என்ற பெயர் ய-விலிருந்து பிறந்திருக்கிறது. எனவே அதற்கு முன் உரு இருப்பதில் வியப்பில்லை. த-வில் யாராலும் தொடப்படாத உறுப்பு ஒன்று ஓரத்தில் இருந்தால் அதைப் பற்றி இந்த வரிகள் எதுவும் சொல்லவில்லை. ப, வ இரண்டும் மேல் சார்புகள் என்ற தகவல் எங்குமே பயன்படவில்லை என்பதையும் மாணவரிடம் காட்டலாம். கொடுத்த தகவலைத் தொடாமலேயே விடை வந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

நிரூபிக்க வேண்டியதன் முதல் சொல் ‘த-வில் உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும்’ என்பது. ஆகவே தொடக்கம் த-வில்தான். ந என்பது த-வில் ஓர் உறுப்பு என்க. வ மேல் சார்பு என்பதால் ச-வில் ர உண்டு; வ(ர) = ந. ப மேல் சார்பு என்பதால் க-வில் ய உண்டு; ப(ய) = ர. எனவே வ(ப(ய)) = ந. அம்புக்குறிகள் இடமிருந்து வலமாகப் போகின்றன. நிரூபணமோ வலமிருந்து இடமாக வருகிறது. மாணவரைக் குழப்புவது இந்த எதிர்த்திசைதான். படத்தைப் பார்த்துத் தொடங்காமல், நிரூபிக்க வேண்டிய கூற்றின் முதல் சொல்லைப் பார்த்துத் தொடங்கச் சொல்ல வேண்டும்.

தமிழில் கற்பிக்கும் நாம் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ‘ஏதேனும் ஒரு’ என்ற தொடர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. “ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்க” என்றால் எந்த எண்ணாக இருந்தாலும் சரி என்று பொருள். இது ‘எல்லா’வின் பக்கம். “இக்கணத்தில் ஏதேனும் ஒரு பகா எண் இருக்கிறதா?” என்றால் ஒன்றாவது இருக்கிறதா என்று பொருள், இது ‘உண்டு’வின் பக்கம். இதே போல் “ஒவ்வொரு மாணவருக்கும் பிடித்த ஓர் ஆசிரியர் இருக்கிறார்” என்ற தொடரும் இரண்டுபடும். ஆளுக்கு ஓர் ஆசிரியர் என்றும் கொள்ளலாம்; எல்லோருக்கும் பிடித்த ஒரே ஆசிரியர் என்றும் கொள்ளலாம். பேச்சில் குரலும் சூழலும் பொருளைத் தெளிவாக்கிவிடும். கணிதத் தாளில் அந்த உதவி இல்லை. நான் வகுப்பில் ‘எதுவாயினும்’, ‘ஒன்றாவது’ என்று இரண்டு சொற்களைப் பிரித்தே பயன்படுத்தச் சொல்கிறேன். வழக்குத் தமிழுக்கு இது சற்றே செயற்கைதான். ஆனாலும் பலன் இருக்கிறது.

அந்த ஆசிரியர் எடுத்துக்காட்டின் இரண்டு பொருள்களுக்கும் உள்ள உறவு பாடத்துக்கு நல்ல தீனி. எல்லோருக்கும் பிடித்த ஒரே ஆசிரியர் இருந்தால், ஒவ்வொருவருக்கும் பிடித்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது உறுதி. மறுதலை உண்மையன்று. அதை நிரூபிக்க முயன்று பார்த்தால் எந்த இடத்தில் இடிக்கிறது என்பது தெரியும். ம ஒரு மாணவர் என்க. அவருக்குப் பிடித்தவர் ஆ என்க. இனி ‘எல்லோருக்கும் ஆ-வைப் பிடிக்கும்’ என்று எழுத வேண்டும். எழுத முடியாது. ம-வுக்குப் பிறகு, ம-வைச் சார்ந்து பிறந்த பெயர் ஆ. மாணவர் மாறினால் ஆசிரியரும் மாறலாம். ஒவ்வோர் இயல் எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் உண்டு. எல்லா எண்களையும்விடப் பெரிய எண் கிடையாது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கே இது தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பின் ஈருறுப்புச் செயலிகளில் இதே வேறுபாடு மதிப்பெண்ணோடு மோதுகிறது. சமனி உறுப்பின் வரையறை ‘ஓர் உறுப்பு உண்டு, அது எல்லா உறுப்புகளுக்கும்’ என்று வரும். எதிர்மறை உறுப்பின் வரையறை ‘ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் உறுப்பு உண்டு’ என்று வரும். சொற்கள் அவையே, வரிசைதான் வேறு. விகிதமுறு எண்களில், க, ச என்ற இரு எண்களுக்கு அவற்றின் சராசரியைத் தரும் செயலியை எடுத்துக்கொள்வோம். சமனி உறுப்பு ‘இ’ என்றால் (க + இ)/2 = க. சுருக்கினால் இ = க. “எனவே சமனி உறுப்பு க” என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிடுகிற மாணவர்கள் உண்டு. சமன்பாட்டைத் தீர்த்ததில் தவறே இல்லை. ஆனால் இ என்ற பெயர் க-வுக்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். எல்லா க-வுக்கும் அது ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இங்கே க 3 ஆனால் இ 3 ஆகிறது. க 8 ஆனால் இ 8 ஆகிறது. எனவே சமனி உறுப்பே இல்லை. “இந்தப் பெயர் எப்போது பிறந்தது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால், மாணவரே கோட்டை அழித்துவிடுவார்.

புதுப் பெயருக்கு ஒரு நிபந்தனை உண்டு: அதைப் பற்றிச் சொல்லப்பட்டதைத் தவிர வேறெதுவும் நமக்குத் தெரியக் கூடாது. வடிவியலில் இந்த நிபந்தனையை நாம் தினமும் கையாள்கிறோம். பெயர் சொல்வதில்லை, அவ்வளவுதான். முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180° என நிரூபிக்க, ‘கசத ஒரு முக்கோணம் என்க’ என்று தொடங்கி ஒரு படம் வரைகிறோம். படம் எப்படியும் ஒரு குறிப்பிட்ட முக்கோணமாகத்தான் இருக்கும். அது சமபக்க முக்கோணம் போலத் தோன்றிவிட்டால், மாணவர் ‘படத்தில் சமமாக இருக்கிறதே’ என்று ஒவ்வொரு கோணமும் 60° என எழுதிவிடுவார். கூடுதல் 180° என்றுதான் வரும்! ஆனால் நிரூபிக்கப்பட்டது சமபக்க முக்கோணத்துக்கு மட்டும். உச்சி வழியே அடிப்பக்கத்துக்கு இணைகோடு வரையும் வழக்கமான நிரூபணத்தில் பக்க அளவு எதுவும் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அதனால்தான் ஒரு படத்தில் செய்தது எல்லா முக்கோணங்களுக்கும் செல்லுகிறது.

தொடக்க வகுப்பிலும் இதைச் செய்ய முடியும். இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண் வரும் என்பதற்கு 3 + 5, 7 + 9 என்று பத்து எடுத்துக்காட்டுகள் போடுவது தேவைதான். ஆனால் அது நிரூபணம் ஆகாது. புளியங்கொட்டைகளை எடுங்கள். 7 கொட்டைகளை இரண்டிரண்டாக அடுக்கினால் ஒன்று மிஞ்சும். 9 கொட்டைகளிலும் ஒன்று மிஞ்சும். மிஞ்சிய இரண்டும் ஜோடியாகிவிடும். இப்போது, “ஏழுக்குப் பதிலாக வேறு ஒற்றை எண் இருந்தால் என்ன மாறும்?” என்று கேளுங்கள். ஜோடிகளின் எண்ணிக்கை மாறும், மிஞ்சுவது மாறாது. ஏழு என்பதையே நாம் பயன்படுத்தவில்லை, ஒன்று மிஞ்சும் என்பதைத்தான் பயன்படுத்தினோம் என்று ஒரு குழந்தை சொல்லிவிட்டால், பயனிலைத் தர்க்கத்தின் கடினமான விதி ஒன்று மூன்றாம் வகுப்பிலேயே புரிந்துவிட்டது என்று பொருள்.

மற்றச் சொற்களுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. நிரூபிக்க வேண்டியதில் ‘எனில்’ இருந்தால் அதன் முற்பகுதியைக் கொடுக்கப்பட்டவற்றோடு சேர்த்துக்கொள்கிறோம். கொடுக்கப்பட்டதில் ‘அல்லது’ இருந்தால் இரு நேர்வுகளாகப் பிரிக்கிறோம். நிரூபிக்க வேண்டியதில் ‘இல்லை’ இருந்தால், இருக்கிறது எனக் கொண்டு முரண்பாட்டுக்குப் போகிறோம். √2 விகிதமுறு எண் அன்று என்பதற்கு முரண்பாட்டு முறை பொருந்துவது இதனால்தான். கூற்றே மறுப்பு வடிவத்தில் இருக்கிறது. ஆனால் மாணவர்கள் அந்த ஒரு நிரூபணத்தைப் பார்த்துவிட்டு, இரட்டை எண்ணின் வர்க்கம் இரட்டை எண் என்பதற்கும் “இல்லை எனக் கொள்வோம்” என்றே தொடங்குகிறார்கள். நேர்வழியில் இரண்டே வரிகளில் முடிவது அது. முரண்பாட்டு முறை கடைசியாக எடுக்க வேண்டிய கருவி என்பது என் கருத்து.

சில சமயம் அதைப் போன்ற ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். வகுப்பில் இந்தக் கூற்றைச் சொல்லுங்கள்: “இந்த வகுப்பில் ஒருவர் இருக்கிறார், அவர் வீட்டுப்பாடம் முடித்திருந்தால் எல்லோரும் முடித்திருக்கிறார்கள்.” உடனே வகுப்பில் முதலிடம் பெறும் மாணவரைத் தேடுவார்கள், அல்லது எப்போதும் முடிக்காதவரைத் தேடுவார்கள். சிரிப்பு வரும். இந்தக் கூற்று எந்த வகுப்பிலும் மெய் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ரேமண்ட் ஸ்மல்லியன் 1978இல் வெளியிட்ட புதிர் நூலில் குடிப்பவர்களை வைத்து வருவது இந்தப் புதிர்தான். நாம் வீட்டுப்பாடமாக மாற்றிக்கொள்வது நல்லது.

நிரூபிக்க வேண்டியது ‘உண்டு’. கொடுக்கப்பட்டது எதுவுமில்லை, பெயர்கள் எங்கிருந்தும் வரப்போவதில்லை. இப்படிக் காத்திருந்தும் பயனில்லாத இடத்தில் நேர்வுகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லோரும் முடித்திருந்தால், யாரைக் காட்டினாலும் கூற்று மெய். எல்லோரும் முடிக்கவில்லை என்றால், முடிக்காத ஒருவர் உண்டு, அவரைக் காட்டுவோம். அவரைப் பொறுத்தவரை ‘முடித்திருந்தால்’ என்ற முற்பகுதி பொய். முற்பகுதி பொய்யானால் நிபந்தனைக் கூற்று மெய் என்பது மெய்மை அட்டவணையிலேயே இருக்கிறது. இரண்டு நேர்வுகளிலும் ஒருவர் கிடைத்துவிட்டார், ஆனால் அவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. தமிழில் ‘-ஆல்’ என்ற ஒட்டு காரணத்தையும் சேர்த்துச் சொல்வதால்தான் கூற்று விந்தையாகப் படுகிறது. ஒரு சிறு எச்சரிக்கை: வகுப்பறை காலியாக இருந்தால் கூற்று பொய். ஒருவராவது இருக்க வேண்டும்.

கரும்பலகையில் இதைப் பழக்க எளிய வழி, கடைசி வரியை முதலிலேயே பலகையின் அடியில் எழுதிவிடுவது. மேலே கொடுக்கப்பட்டவை, கீழே நிரூபிக்க வேண்டியது, நடுவில் வெற்றிடம். கீழ்வரியின் முதல் சொல்லைப் பார்த்து ஒரு வரி மேலே ஏறலாம். ‘உண்டு’வுக்குப் பெயர் வைத்து ஒரு வரி கீழே இறங்கலாம். இரண்டும் நடுவில் சந்திக்கும். புதுப் பெயர் வரும் ஒவ்வொரு வரியையும் வண்ணச் சுண்ணக்கட்டியால் சுற்றிவிட்டால், எந்தப் பெயர் எதற்குப் பின் பிறந்தது என்பது வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் தெரியும். முதல் சில நாள்கள் ஒரு நிரூபணத்துக்கே ஒரு பாடவேளை போய்விடும். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் இது கடினம்தான். ஆனால் பிறகு வரும் நிரூபணங்களில் தொடக்கத்தை அவர்களே எழுதிவிடுவதால், போன நேரத்தில் கொஞ்சம் திரும்பிக் கிடைக்கிறது.

செய்து பார்க்க ஒரு கணக்கு. வ∘ப மேல் சார்பு என்று மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது. வ மேல் சார்பாக இருந்தாக வேண்டுமா? ப மேல் சார்பாக இருந்தாக வேண்டுமா? இரண்டையும் நிரூபிக்க முயலச் சொல்லுங்கள். முதலாவது மூன்றே வரிகளில் முடியும்: த-வில் ந, அதற்கு க-வில் ய, காட்ட வேண்டியது ப(ய). இரண்டாவதில் ச-வில் ர என்று தொடங்கியதும், ர-விலிருந்து க-வுக்குத் திரும்ப வழி தரும் தகவல் எதுவும் கையில் இருக்காது. எந்த வரியில் நின்றுவிட்டோம் என்பதை அவர்களே குறிக்கட்டும். அந்த இடத்தைக் கண்டுகொண்டவருக்கு எதிர் எடுத்துக்காட்டு அமைப்பதும் எளிது: க-வில் ஓர் உறுப்பு, த-வில் ஓர் உறுப்பு, நடுவில் உள்ள ச-வில் மட்டும் இரண்டு உறுப்புகள்.